பொழுது சாய்வதற்குள் போட்ட பிராக்கெட்

சம்மன் வந்த அன்று பெரியவர் உட்காரவே இல்லை. காலை பத்து மணிக்குக் கையெழுத்துப் போட்டு வாங்கியவர், மத்தியானச் சாப்பாட்டையும் நின்றுகொண்டே முடித்தார். சாதாரண நாளிலேயே அவர் முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை. எழுபத்து நான்கு வயதிலும் சுவருக்கு முட்டுக் கொடுக்கலாம் போல நிற்பார். பட்டறை ஆட்கள் அவர் காதில் விழாமல் சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கும் கருவியின் பெயரால் ‘ரசமட்டம்’ என்று சொல்வார்கள். அது அவர் காதில் விழுந்து முப்பது வருடமாகிறது. உள்ளுக்குள் அவருக்கு அதில் பெருமைதான்.

பட்டறை வாசலில் அவருடைய அப்பா மாட்டிய இரும்புப் பலகையில் குடும்பப் பெயர் இருந்தது. அந்த ஊரில் பாதி வீடுகளின் கேட்டும், பள்ளிக்கூடங்களின் மாடிப்படிக் கைப்பிடியும் அந்தப் பெயரைச் சுமந்தவைதான். ஒவ்வொரு கம்பியின் அடியிலும் சின்னதாக ஒரு முத்திரை குத்தியிருக்கும். அந்தப் பெயர் இன்று முதல் தடவையாக ‘பிரதிவாதி’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

நடந்தது இதுதான். நகர நூலகத்தின் மாடிப்படியில் கைப்பிடிக் கம்பி சுவரை விட்டுக் கழன்று வந்துவிட்டது. அதைப் பிடித்து இறங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கீழே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஓய்வு பெற்ற தட்டச்சு டீச்சர். பக்கத்து மாநிலத்துக்காரி, மகளைப் பார்க்க வந்து போகிறவள். கம்பி இந்தப் பட்டறையில் செய்தது. மூன்று வருடங்களுக்கு முன் அதைக் கொண்டுபோய் மாட்டியவள் பெரியவரின் மருமகள்.

மகன் கப்பலில் இன்ஜினியர், வருடத்தில் இரண்டு மாதம்தான் வீட்டில் இருப்பான். பட்டறையை மருமகள்தான் நடத்திக்கொண்டிருந்தாள். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவள் போடும் சத்தத்தில் வேலை தானாக நடக்கும். நூலகத்துக் கம்பி, அவள் யார் துணையும் இல்லாமல் தனியாகப் போய் முடித்த முதல் வேலை.

விபத்து நடந்த அன்று, கம்பி விழுந்த செய்தி போனில் வந்தபோது காலை மணி பதினொன்று. அந்தக் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு. தங்கள் கைவேலையில் குறை என்று யாராவது சொன்னால், குறை யாருடையது என்று கேட்பதில்லை, வாக்குவாதம் செய்வதில்லை. அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஓர் ஆள் கருவிப்பெட்டியோடு போய்ச் சரிசெய்துவிட்டு வரவேண்டும். பெரியவரின் அப்பா வைத்த பழக்கம். மருமகள் அப்படியே செய்தாள். அவள் போவதற்குள் நூலகத்து வாட்ச்மேன் கம்பியைச் சுவரோடு பிடித்திருந்த மிச்ச பிராக்கெட்டுகளையும் கழற்றி, அதைத் தரையில் கிடத்தி, ஸ்க்ரூக்களைக் குப்பையில் கொட்டியிருந்தான். அவள் புதிதாகத் துளை போட்டு, பழைய நான்கு பிராக்கெட்டோடு இன்னும் மூன்றைச் சேர்த்து மாட்டிவிட்டு ஐந்து மணிக்கெல்லாம் திரும்பிவிட்டாள்.

பெரியவருக்கு அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அன்று முதல் அவர் மனதில் ஒரு துரும்பு மாட்டிக்கொண்டது. நாலு பிராக்கெட் போதும் என்றால் ஏன் ஏழு போட்டாள்? போதாது என்றால் முதலிலேயே ஏன் நாலு போட்டாள்? இதை அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

அவர்கள் அமர்த்திய வழக்கறிஞர் அம்மாளின் அலுவலகம் ஒரு செருப்புக் கடைக்கு மேலே இருந்தது. மருமகளோடு அங்கே போனபோது மாடிப்படியில் கைப்பிடி ஆடியது. பெரியவர் அதைத் தொடாமல், முறைத்துப் பார்த்துக்கொண்டே ஏறினார். தொடாததற்குக் காரணம் ஆட்டம் மட்டுமல்ல. ஆயிரக்கணக்கில் கைப்பிடி செய்த மனிதர் வாழ்நாளில் ஒன்றையும் பிடித்து ஏறியதில்லை. அது மற்றவர்களுக்கு.

வக்கீல் அம்மாள் காகிதங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிமிர்ந்தாள். “அன்னிக்கே போய் மூணு பிராக்கெட் சேர்த்துப் போட்டீங்களா? யாரு அதைத் தொடச் சொன்னா?”

“எங்க அப்பா,” என்றார் பெரியவர்.

“அவரு எங்க இருக்காரு?”

“போய்ச் சேர்ந்து நாப்பது வருஷமாச்சு.”

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டாள். வக்கீல் அம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. “ஐயா, நம்ம மாநிலத்து சாட்சியச் சட்டத்துல இதுதான் நமக்கு விழற முதல் அடி. விபத்து நடந்த பிறகு நீங்க ரிப்பேர் பண்ணினதை அவங்க ஜூரிகிட்ட காட்டலாம். ‘பாருங்க, மூணு சேர்த்துப் போட்டிருக்காங்க, அப்ப முன்னாடி போட்டது போதலன்னு அவங்களுக்கே தெரியும்’னு சொல்வாங்க. எட்டுப் பேர் உட்கார்ந்து கேப்பாங்க. முடிஞ்சுது கதை.”

பெரியவர் முகத்தில் ஈயாடவில்லை. “அப்ப இன்னொருத்தர் விழட்டும்னு விட்டுட்டு வந்திருக்கணுமா?”

“சட்டம் அப்படிச் சொல்லல. ஆனா விட்டுட்டு வந்தவன் கெட்டிக்காரனாயிடறான். அதுதான் சங்கடம்.”

“இது என்னம்மா நியாயம்? நல்லது பண்ணினவன் திருடனா?”

வக்கீல் அம்மாள் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “கேளுங்க. இந்த நாட்டுல ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிக் கோர்ட்டு. எதைச் சாட்சியமா எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாதுன்னு ஒவ்வொருத்தரும் தனியா எழுதி வச்சிருக்காங்க. எல்லாத்துக்கும் பொதுவா கூட்டாட்சிக் கோர்ட்டுன்னு ஒண்ணு இருக்கு, அதுக்குன்னு தனி விதி. வாதி ஒரு மாநிலம், பிரதிவாதி ஒரு மாநிலம்னா, வழக்கை அங்க மாத்திக்கச் சொல்லிக் கேக்கலாம். ஒரு மாநிலத்து ஜூரி தன் ஊர்க்காரன் பக்கம் சாயக்கூடாதுன்னு பண்ணின ஏற்பாடு. டீச்சரம்மா பக்கத்து மாநிலம். நமக்கு அது யோகம்.”

“அங்க போனா?”

“அங்க இருக்கிற விதி நேர் எதிர். விபத்துக்கு அப்புறம் செஞ்ச ரிப்பேரைத் தப்புக்கு ஆதாரமாக் காட்டவே கூடாது. ஏன்னா அப்படிக் காட்டினா எவனும் பயந்துபோய் ரிப்பேரே பண்ண மாட்டான்.”

பெரியவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தார். கீழே செருப்புக் கடையில் யாரோ பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரே தெரு, ஒரே படிக்கட்டு, ஒரே பிராக்கெட். ஒரு கட்டடத்துக்குள் அது குற்றம், நாலு தெரு தள்ளி இன்னொரு கட்டடத்துக்குள் அது பேசவே கூடாத விஷயம். விசித்திரமாக இருந்தது. ஆனால் அதைவிட வேறொன்று அவரை உலுக்கியது. எங்கோ, யாரோ, முகம் தெரியாத சிலர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒழுங்காகச் சரிசெய்கிறவனுக்கு அதனால் கெடுதல் வரக்கூடாது என்று யோசித்து எழுதி வைத்திருக்கிறார்கள்.

“அப்பாவைத் தெரிஞ்சவங்க எழுதின மாதிரி இருக்கு,” என்றார். அவர் குரல் லேசாகக் கம்மியது. மருமகள் திரும்பிப் பார்த்தாள். மாமாவின் குரல் கம்மி அவள் கேட்டதில்லை.

வழக்கு மாறியது. எதிர்த்தரப்பு தங்கள் சான்றுகளை ஒரு கட்டாக அனுப்பியது. அதில் டீச்சரின் மகள், அம்மா விழுந்த சில நிமிடங்களில் செல்போனில் எடுத்த படங்கள் இருந்தன. வக்கீல் அம்மாளிடம் இருந்தது மங்கலான கறுப்பு வெள்ளை நகல். அச்சுப் போட்ட வண்ணப் படங்கள் பெரியவர் கைக்கு வந்தன. அவர் உறையைப் பிரிக்கவே இல்லை. மேசை டிராயரில் போட்டுப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

“படம் வந்துச்சாமே மாமா, நான் ஒரு தடவை பார்க்கட்டுமா?” என்று மருமகள் கேட்டாள்.

“உனக்கெதுக்கு அந்தக் கருமம்? வேலையப் பாரு.”

வக்கீல் அம்மாள் இரண்டு தடவை போன் செய்து, படங்களைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். “பார்க்க வேண்டியதைப் பார்த்தாச்சு,” என்றார். பொய் சொல்கிற பழக்கம் அவருக்கில்லை. அது பொய் இல்லை என்று தனக்குத்தானே வாதாடிக்கொண்டார்.

உண்மை என்னவென்றால், பார்க்கத் தைரியமில்லை. படத்தில் அவளுடைய கை பிசகியது தெரிந்துவிட்டால்? கம்பி விழுந்ததைத் தாங்கிக்கொள்ளலாம். இந்த வீட்டுப் பெண்ணின் முதல் வேலை பழுது என்று தன் கண்ணாலேயே பார்த்துவிட்டு, அவளோடு ஒரே மேசையில் எப்படிச் சாப்பிடுவது?

அவர் மனைவி மட்டும் இதை மோப்பம் பிடித்துவிட்டாள். “டிராயரைப் பூட்டி வெச்சா மனசும் பூட்டிக்குமா? அந்தப் பொண்ணு ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல. நீங்களும் சாப்பிடல. எனக்கு மட்டும் எதுக்கு இவ்வளவு சோறு வடிக்கணும்?” என்றாள்.

விசாரணைக்கு முதல் நாள் வக்கீல் அம்மாள் பெரியவரைத் தனியாக உட்காரவைத்தாள்.

“நமக்கு இருக்கிற ஒரே ஆபத்து என்ன தெரியுமா?”

“என்ன?”

“உங்க வாய். தப்பா எடுத்துக்காதீங்க. ரிப்பேரைப் பத்தி அவங்க பேச முடியாது. ஆனா அந்தக் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் இருக்கு, அது நம்ம பக்கம் இருக்கு. ‘இதைவிடப் பலமா மாட்டவே முடியாது’ன்னு நீங்க சொன்னீங்கன்னா, உடனே அவங்க வக்கீல் எழுந்து, ‘அப்ப அன்னிக்குச் சாயங்காலம் எப்படி மூணு சேர்த்தீங்க?’ன்னு கேக்கலாம். அதுக்கு இந்தக் கோர்ட்டுலயும் அனுமதி உண்டு. அவர் உங்களைப் பெருமையடிக்க வைக்கத்தான் பார்ப்பார். குடும்பத்தை இழுப்பார். அப்பாவை இழுப்பார். நீங்க பல்லைக் கடிச்சுக்கணும்.”

பெரியவர் தலையாட்டினார். நாற்பது வருடமாக வாடிக்கையாளர்களிடம் அவர் சொல்லிவந்த ஒரே வாக்கியம் அதுதான்: இதைவிடப் பலமா மாட்ட முடியாது.

கூட்டாட்சி நீதிமன்றத்தின் கூடம் குளிராக இருந்தது. ஜூரிகள் எட்டுப் பேர். அவர்களில் ஒருவர் ரொட்டிக்கடைக்காரர் என்று பெரியவருக்குத் தெரியும், ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எதிரே சக்கர நாற்காலியில் டீச்சர். சின்ன உருவம், மடியில் விரல்கள் சும்மா இராமல் எதையோ தட்டிக்கொண்டிருந்தன. பெரியவர் கூண்டில் ஏறினார். உட்கார நாற்காலி போட்டிருந்தார்கள். நின்றார்.

எதிர்த்தரப்பு வக்கீல் இனிமையான ஆள். வந்ததும் ஒரு கும்பிடு போட்டார்.

“ஐயா, உங்க பட்டறை எத்தனை வருஷமா நடக்குது?”

“எண்பத்தொரு வருஷம்.”

“இந்த ஊர்லயே நல்ல வேலைன்னா உங்க வேலைதான்னு சொல்றாங்களே?”

“சொல்றவங்களைத்தான் கேக்கணும்.”

ஜூரி வரிசையில் ஒருத்தி சிரித்தாள். வக்கீலும் சிரித்தார். “அடக்கம்! உங்க அப்பா கையால செஞ்ச கேட்டு எங்க தெருவுல இன்னும் நிக்குது. அவர் கையில பழகினவர் நீங்க. அப்ப நூலகத்துல உங்க ஆளுங்க மாட்டின கைப்பிடி, அதைவிடப் பலமா யாராலயும் மாட்டியிருக்க முடியாது. அப்படித்தானே?”

வந்துவிட்டது. பெரியவரின் நெஞ்சு தானாக விரிந்தது. வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. மூன்றாவது வரிசையில் மருமகள் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வக்கீல் அம்மாள் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் பலகை கண்முன் வந்தது. இத்தனை பேர் முன்னால், அந்தப் பெயரை வைத்துக்கொண்டு, எங்கள் வேலையில் குறை இருக்கலாம் என்று சொல்வதா?

வார்த்தையை மென்று முழுங்கினார்.

“மாட்டியிருக்கலாம்,” என்றார். “எந்த வேலையையும் இன்னும் பலமாச் செய்யலாம். முடியாதுன்னு சொல்றவன் வேலை தெரியாதவன்.”

கூடத்தில் யாருக்கும் அது பெரிய வாக்கியமாகப் படவில்லை. பெரியவருக்கு மட்டும் முதுகுத்தண்டில் ஏதோ நறுக்கென்றது. மருமகள் நிமிர்ந்து அவரையே பார்த்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் ஒரு கணம் தடுமாறினார். அந்தப் பக்கம் கதவு சாத்திக்கொண்டது. ஆனால் இந்தப் பக்கம் ஒன்று திறந்திருப்பதாக அவருக்குத் தோன்றியது. “நல்லது. நீங்களே ஒத்துக்கறீங்க. அப்ப எவ்வளவு மோசமா மாட்டியிருந்ததுன்னு ஜூரிக்குக் காட்டிடலாம்.”

திரையில் படம் விழுந்தது. சுவரில் தொங்கும் கம்பி, பிடுங்கிக்கொண்டு வந்த இரண்டு பிராக்கெட், இன்னும் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு. ஆளுயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தார்கள். கண்ணை மூடிக்கொள்ள வழியில்லை.

“இது உங்க வேலைதானே?”

பெரியவர் பார்த்தார். முதலில் பார்வை எங்கும் நிலைக்கவில்லை. பிறகு கம்பியின் அடியில் முத்திரை தெரிந்தது. பிறகு பிராக்கெட். பிறகு ஸ்க்ரூவின் தலை. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கூண்டை விட்டு ஓரடி முன்னால் சாய்ந்தார்.

“கம்பி எங்களது,” என்றார். “ஸ்க்ரூ மாட்டின கை எங்களது இல்ல.”

“எப்படி?”

“ஸ்க்ரூ தலையில ஒரு கோடு இருக்குது பாருங்க, ஸ்க்ரூட்ரைவர் வைக்கிற கோடு. எங்க பட்டறையில அது நெட்டுக்குத்தா நிக்கணும். எல்லா ஸ்க்ரூவும், மேலயிருந்து கீழ, நேரா. சாஞ்சு நின்னா அழுக்கு சேரும், அதோட கண்ணுக்கு அசிங்கம். சாஞ்சு விட்டுட்டு வந்தவனுக்கு எங்க அப்பா அன்னிக்குச் சாப்பாடு போட மாட்டார். இந்தப் படத்துல ஒண்ணு கிழக்கப் பார்க்குது, ஒண்ணு மேற்கப் பார்க்குது. இதை யாரோ கழட்டித் திரும்ப மாட்டியிருக்கான்.”

“ஆட்சேபணை!” எதிர்த்தரப்பு வக்கீலின் இனிமை போய்விட்டது. “இவங்க வழக்கமா எப்படிச் செய்வாங்கன்றது சாட்சியமே இல்ல. அன்னிக்கு எப்படிச் செஞ்சாங்கன்னு பார்த்தவங்க வந்து சொல்லணும். இந்த மாநிலத்துல எப்பவும் அப்படித்தான்.”

நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “மாநிலத்து நீதிமன்றத்துல அப்படித்தான். ஆனா நீங்க இப்ப உட்கார்ந்திருக்கிறது இங்க. ஒரு தொழில் நிறுவனத்தோட மாறாத வழக்கம், அன்னிக்கும் அப்படித்தான் நடந்ததுன்னு காட்ட இங்க ஏற்கத்தக்கது. ஆட்சேபணை தள்ளுபடி. மேல சொல்லுங்க பெரியவரே.”

 பெரியவர் மருமகள் பக்கம் பார்த்தார். அவள் திரையைப் பார்த்தபடி வாயில் கைவைத்து அழுதுகொண்டிருந்தாள்.

மறுநாள் நூலகத்து வாட்ச்மேனைக் கூப்பிட்டார்கள். வக்கீல் அம்மாள் கேட்டது ஒரே கேள்விதான்: அந்தக் கைப்பிடியை யாராவது எப்போதாவது கழற்றினார்களா? அவன் நீதிபதியைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான். பிறகு, “பெயின்ட் அடிக்க வந்தவங்க கழட்டினாங்கம்மா. விபத்துக்கு ஒரு மாசம் முன்னாடி. பின்பக்கம் பெயின்ட் அடிக்க முடியலன்னு. திரும்ப அவங்களேதான் மாட்டினாங்க. ஸ்க்ரூ பத்தலன்னு ஒருத்தன் சட்டைப் பையிலேருந்து சின்ன ஸ்க்ரூவா எடுத்துப் போட்டான்,” என்றான்.

“இதை ஏன் இதுவரைக்கும் சொல்லல?”

“யாரும் கேக்கலம்மா.”

எட்டுப் பேரும் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார்கள். பட்டறையின் மேல் பொறுப்பில்லை. இனி நூலகமும் பெயின்ட் கான்ட்ராக்டரும்தான் டீச்சருக்குப் பதில் சொல்லவேண்டும். டீச்சருக்குச் சேரவேண்டியது சேரும் என்று கேட்டதும் பெரியவர் ஒரு பெருமூச்சு விட்டார். அந்த அம்மாள் வெறுங்கையோடு போயிருந்தால் இந்த வெற்றி அவருக்கு ருசித்திருக்காது.

தாழ்வாரத்தில் சக்கர நாற்காலி அவர் முன்னால் வந்து நின்றது.

“ஐயா, ஒரு விஷயம். உள்ள சொல்லக்கூடாதுன்னு சொல்லிட்டாங்க. இங்க சொல்லலாமில்ல?” என்றாள் டீச்சர். “போன வாரம் என் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு முதல் தடவையா நடந்தேன். நேரா நூலகத்துக்குத்தான் போனேன். எடுத்த புத்தகம் ஆறு மாசமா பாக்கி. மாடிப்படியில ஒரு பக்கம் அவளைப் பிடிச்சுக்கிட்டேன், இன்னொரு பக்கம் கம்பியைப் பிடிச்சுக்கிட்டேன். அசையல. ஏழு பிராக்கெட் எண்ணினேன்.”

பெரியவர் கும்பிட்டார். “உங்களுக்கு நன்றிம்மா,” என்றார். அந்த வார்த்தையை அவர் கடைசியாக எப்போது சொன்னார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. “என்னைக் கோர்ட்டுக்கு இழுத்தீங்களே, அதுக்கும் சேர்த்து.”

“அதுக்கெல்லாம் நன்றி சொல்ற முதல் ஆள் நீங்கதான்,” என்று டீச்சர் சிரித்தாள்.

வேனில் மருமகள் ஓட்டினாள்.  சிக்னலில் நின்றபோது பெரியவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “அந்தப் படத்தை நான் பார்க்கவே இல்லம்மா. நேத்துதான் முதல் தடவை.”

“தெரியும் மாமா.”

“எப்படித் தெரியும்?”

“உறை பிரிக்காம இருந்துச்சு. அந்த டிராயர் பூட்டு ஹேர்பின்ல திறக்கும்.”

“திறந்தியா? அப்ப பார்த்திருக்கலாமே! அன்னிக்கே தெரிஞ்சிருக்குமே!”

“உறையைக் கையில எடுத்தேன். பிரிக்கல.” அவள் பச்சை விளக்கு விழுந்தும் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். “எனக்கும் பயம்தான் மாமா. என் கைதானோன்னு.”

பெரியவர் தன் மடியைப் பார்த்துக்கொண்டார். சந்தேகப்பட்டதற்கு மன்னிப்பு எப்படிக் கேட்பதென்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பழக்கம் அப்பா வைக்கவில்லை.

“உன்னைச் சந்தேகப்பட்டேன்மா. தப்பு,” என்றார் கடைசியில்.

“சரி மாமா. இன்னிக்கு உங்களுக்குச் சாப்பாடு கிடையாது.”

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். பின்னால் ஹாரன் மறுபடி கத்தியது. “நூலகத்துக்கு விடு,” என்றார்.

நூலகம் மூடுகிற நேரம். வாட்ச்மேன் அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். பெரியவர் படிக்கட்டின் அடியில் நின்று பிராக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏழு. ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் கோடு மேலிருந்து கீழாக, நேராக.

மருமகள் பக்கத்தில் நின்றாள். அவர் வலது கையை நீட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். குளிர்ச்சியாக இருந்தது. பிடித்தபடியே ஒவ்வொரு படியாக மேலே ஏற ஆரம்பித்தார்.